மேஜர் மனியும் பலூனும்

பினாங்குக்காரர்களான எங்களுக்கு ஊர் வரலாறு என்றால் 1786 ஆகஸ்ட்டில் பிரான்சிஸ் லைட் கொடியேற்றியதுதான். லைட்டின் சொந்த மாவட்டம் இங்கிலாந்தின் சஃபோக். அந்தக் கடற்கரைக்கு அப்பால், ஒரு வருஷம் முன்னாடி நடந்த கதைதான் எனக்குப் பிடித்தது.

ஜான் மனி. பெயரைக் கேட்டால் நம்ம ஊர் மணி மாதிரி இருக்கும். அமெரிக்கப் போரில், சாரடோகாவில் சரணடைந்த படையின் அதிகாரி. 1785 ஜூலை 22 அன்று, மருத்துவமனைக்கு நிதி திரட்ட நாரிச் நகரில் தனியாகப் பலூனில் ஏறினார். வாயுவைத் திறந்துவிடும் வால்வு சரியாக வேலை செய்யல. இறங்க வழியில்லை. காற்று அவரை வட கடலுக்குத் தள்ளிட்டுப் போச்சு. சுமார் ஐந்து மணி நேரம் தண்ணீரில் கிடந்தவரை 'ஆர்கஸ்' என்ற சுங்கக் கப்பல் மீட்டது.

வேறொருத்தர் என்றால் பலூன் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். மனியோ 1803-ல், போர்க்களத்தில் பலூனிலிருந்து எதிரியை வேவு பார்க்கலாம் என்று நூலே எழுதினார். 1794-ல் ஃப்ளூரூஸ் போரில் பிரெஞ்சுக்காரர்கள் அதைச் செய்தும் காட்டியிருந்தார்கள். அந்த ஐந்து மணி நேரத்தைவிட, பயத்தை யோசனையாக மாற்றிய அந்தப் பதினெட்டு வருஷம்தான் எனக்குப் பெரிசாத் தெரியுது.

பிரிட்டிஷ் ராணுவம் பலூன் சோதனைக்குப் பணம் ஒதுக்கியது 1878-ல். மனி 1817-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.