தாழ்ந்து ஓடிய கார்கள்

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த பேரன், காரின் டிக்கியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துத் திண்ணையில் வைத்தான். உள்ளே சிவப்பு வண்ணம் பூசிய நான்கு சுருள் ஸ்பிரிங்குகள்.

"தாத்தா, இதை மாட்டினா வண்டி நாலு சென்டிமீட்டர் இறங்கும். பார்க்க சூப்பரா இருக்கும்" என்றான்.

நான் சில வருடங்கள் வண்டிப் பதிவு செய்யும் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறான். அவன் பாட்டிக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து ஐந்து மாதம் ஆகிறது. மறுபரிசோதனைக்குச் சென்னை போய் வருவது இந்தக் காரில்தான். ஆகவே அந்தப் பெட்டியில் எனக்கும் அக்கறை உண்டு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. பையன் முகம் வாடிவிட்டது. சரி, இந்த ஆசைக்கும் ஒரு வரலாறு உண்டே என்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அதைச் சொல்ல ஆரம்பித்தேன்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலம். லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய ஷெவர்லே கார்களை வாங்கி அழகுபடுத்தினார்கள். மற்ற அமெரிக்கப் பையன்கள் வேகத்துக்காக இன்ஜினை மாற்றிக்கொண்டிருக்க, இவர்கள் தாழ்வாகவும் மெதுவாகவும் போவதையே பெருமையாக நினைத்தார்கள். டிக்கியில் மணல் மூட்டை போடுவார்கள். அல்லது ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எறிவார்கள். ஞாயிற்றுக்கிழமை விட்டியர் பூல்வாரில் ஊர்வலம்போல் ஊர்ந்து போவார்கள். நம் கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் நாம் உலாத்துவதில்லையா, அதுபோலத்தான்!

போலீசுக்கு அது பிடிக்கவில்லை. 1958 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாற்றியமைத்த காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. அறுத்த ஸ்பிரிங்கைத் திரும்ப ஒட்ட முடியுமா? 1959-இல் ரான் அகிர்ரே என்பவர் விமானங்களிலிருந்து கழித்துப் போட்ட ஹைட்ராலிக் பம்புகளைத் தன் கார்வெட் காரில் பொருத்தினார். போலீசைக் கண்டால் வண்டி உயரும். போலீஸ் போனதும் இறங்கும்.

இதைக் கேட்டுப் பேரன் கைதட்டினான். ஆனால் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு வேறொரு கார் ஞாபகம் வந்தது. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோயென் கம்பெனி வைத்த டி.எஸ். கார். பிரெஞ்சில் அந்த இரண்டு எழுத்துகளைச் சேர்த்துச் சொன்னால் 'தேயெஸ்', அதாவது பெண் தெய்வம். அதில் இரும்பு ஸ்பிரிங்கே கிடையாது. சக்கரத்துக்கு ஓர் உருண்டை. அதற்குள் ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் எண்ணெய், நடுவில் ஒரு சவ்வு. போல் மாஜெஸ் என்ற பொறியாளரின் வேலை அது. இன்ஜினை நிறுத்தினால் வண்டி மெல்லத் தரையோடு படிந்துவிடும். கிளப்பினால் எழும். எத்தனை பேர் ஏறினாலும் உயரம் மாறாது. மோசமான சாலை வந்தால் ஒரு நெம்புகோலைத் தள்ளி வண்டியை உயர்த்திக்கொள்ளலாம்.

1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி நம் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையா, இந்தியக் குடியுரிமையா என்று தீர்மானிக்க ஆறு மாதம் அவகாசம். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குள் ஒரே வாக்குவாதம். சரியாக ஆறு நாள் கழித்து, பாரிஸ் அருகே பெத்தி கிளமாரில் ஜனாதிபதி தெ கோல் போன காரைச் சுட்டார்கள். டயர்கள் கிழிந்தும் அந்த டி.எஸ். நிற்காமல் ஓடி, அவரையும் அவர் மனைவியையும் காப்பாற்றியது. வானொலியில் கேட்ட அப்பா, "வண்டின்னா அது வண்டி" என்றார். தெ கோல்மீது அப்பாவுக்கு அப்போது கோபம் இருந்தது, வண்டிமீது இல்லை.

பாரிஸ் பொறியாளரும் கலிபோர்னியாவின் அகிர்ரேயும் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். தாழ்வாக நிற்கலாம், ஆனால் தேவைப்படும்போது எழவும் வேண்டும். பேரனின் பெட்டியில் இருப்பது அப்படியல்ல. ஸ்பிரிங் குட்டையானால் சக்கரம் மேலே போய்வர இடம் குறைகிறது. அதனால்தான் அதைக் கடினமாகவும் செய்கிறார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் சஸ்பென்ஷன் ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். பழைய ஷாக் அப்சார்பர் இதற்குப் பொருந்துவதில்லை. வீல் அலைன்மென்டையும் திரும்பச் செய்ய வேண்டும். பட்டறையில் பழைய ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்துக் கழற்றும்போது கருவி நழுவினால் ஆளையே அடித்துவிடும்.

மறுநாள் காலை என் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு அவனோடு தெருமுனைக்குப் போனேன். விதிப்படி வேகத்தடை பத்து சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பது பதினான்கு. அவன் காரின் அடிப்பாகம் தரையிலிருந்து பதினாறரை. நாலைக் கழித்துப் பார்த்தான். பாட்டியும் நானும் பின்சீட்டில் உட்கார்ந்தால் இன்னும் எவ்வளவு இறங்கும் என்று அவனே கேட்டுக்கொண்டான்.

கலிபோர்னியாவில் அந்த 1958 சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். 2024 ஜனவரி முதல் அங்கே தாழ்ந்த கார்கள் தாராளமாக ஓடுகின்றன. இதையும் அவனிடம் மறைக்கவில்லை. "அப்போ நான் அங்கேதான் போகணும் போல" என்று சிரித்தான்.

பெட்டியைத் திருப்பி அனுப்பினால் பாதிப் பணம்தான் தருவார்களாம். மீதியை நான் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் சென்னை போகிறோம், பழைய ஸ்பிரிங்கோடுதான்.