நான்கு விடைகளுக்குள் செஞ்சி

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில் 'மராத்தியப் போர்த்தளங்கள்' என்ற தொகுதியின் 12 கோட்டைகளுள் தமிழகத்திலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டையாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எண்ணூறு ஆண்டுக்கால வரலாறு கொண்ட இக்கோட்டையை இன்றைய தலைமுறையினரில் பலர் முதலில் சந்திப்பது நூலிலோ மலைப்படியிலோ அன்று. கைபேசித் திரையில் நான்கு விடைகளோடு தோன்றும் ஒரு பொது அறிவுக் கேள்வியில். அந்தக் கேள்வி வடிவம் எங்கிருந்து வந்தது என்பதும், அதற்குள் செஞ்சி எவ்வளவு அடங்கும் என்பதும் சேர்த்து ஆராயத்தக்கவை.

1998 செப்டம்பரில் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' என்ற நிகழ்ச்சியே இவ்வடிவத்துக்கு மூலம். ஒரு கேள்வி, நான்கு விடைகள், படிப்படியாக உயரும் பரிசுத் தொகை, தடுமாறும் போட்டியாளருக்குச் சில உதவி வாய்ப்புகள் என்ற அதன் அமைப்பு, 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் நடத்திய 'கௌன் பனேகா குரோர்பதி' வழியாக இந்தியாவுக்கு வந்து, சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' வழியாகத் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது. 2012இல் விஜய் தொலைக்காட்சியில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' நிகழ்ச்சியைச் சூர்யா தொடங்கிவைக்க, பிரகாஷ்ராஜும் அரவிந்த்சாமியும் பின்வந்த பருவங்களை நடத்தினர். கலர்ஸ் தமிழில் ராதிகா பெண்களுக்கென நடத்திய 'கோடீஸ்வரி'யில், 2020 ஜனவரியில், செவித்திறனும் பேச்சுத்திறனும் இழந்த மதுரைப் பெண் ஒருவர் ஒரு கோடி ரூபாய் வென்றது இவ்வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம்.

நிகழ்ச்சியைப் பார்ப்பவரையும் ஆட்டக்காரராக்கியது கைபேசிதான். 2007இல் ஷாருக் கான் நடத்திய 'கௌன் பனேகா குரோர்பதி' பருவத்தில் நேயர்கள் கூடுதல் கட்டணம் செலுத்திக் குறுஞ்செய்தி மூலம் விடை அனுப்பினர். 2016இல் ஜியோ தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வருகையால் இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தபின், 2017 முதல் ஒளிபரப்பாகும் கேள்விக்கு அதே நேரத்தில் வீட்டிலிருந்தே செயலியில் விடை சொல்லும் முறை ஏற்பட்டது. தொலைக்காட்சி நேரத்தைச் சாராமல் தனித்து ஆடும் விளையாட்டுகளும் பெருகின. இவற்றின் உள்ளமைப்பு எளியது: எளிமை, கடினம் என நிலைவாரியாகப் பிரிக்கப்பட்ட கேள்விகளின் சேமிப்பான வினா வங்கியிலிருந்து கணினி நிரல் ஒரு கேள்வியைப் பொறுக்குகிறது, விடைகளின் வரிசையை மாற்றியடுக்குகிறது, கடிகாரத்தை ஓடவிடுகிறது. தனித்து ஆடுபவருக்கு 'பார்வையாளர் கருத்து' என்ற உதவி வாய்ப்பில் காட்டப்படும் விழுக்காடுகள் பெரும்பாலும் மக்கள் அளித்தவை அல்ல, நிரல் கணக்கிட்டுத் தருபவை. பரிசுப் பணம் இல்லாத இவ்விளையாட்டு தமிழகத்தில் ஊன்றியதற்கு அரசுப் பணித் தேர்வுகளும் ஒரு காரணம் எனலாம். 200 கொள்குறி வினாக்கள் கொண்ட, அதாவது தரப்பட்ட விடைகளுள் ஒன்றைக் குறிக்கும் முறையிலான, குரூப் 4 தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞருக்கு விளையாட்டும் பயிற்சியும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்த வடிவத்துக்கு மாற்ற முடியாத ஒரு விதி உண்டு. விடைகளுள் ஒன்று மட்டுமே சரியாக இருக்க வேண்டும். மராத்திய மன்னர் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றிய ஆண்டு 1677 என்பதும், ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் மாண்ட ஆண்டு 1714 என்பதும் இவ்விதிக்குத் தடையின்றிப் பொருந்துகின்றன. கோட்டையைக் கட்டியவர் யார் என்ற கேள்வியோ பொருந்துவதில்லை. மரபுவழி வரலாறு 1200ஆம் ஆண்டையொட்டி ஆனந்தக் கோன் என்ற தலைவரைத் தொடக்கமாகச் சொல்கிறது. ஆயினும் இன்று காணப்படும் மதில்களும் களஞ்சியங்களும் கல்யாண மகாலும், விஜயநகரப் பேரரசின்கீழ்ச் செஞ்சியை ஆண்ட நாயக்கர்கள், அவர்களுக்குப்பின் 1649 முதல் பீஜப்பூர் சுல்தானியர், மராத்தியர், முகலாயர் எனப் பலர் கைப்பட்டு உருவானவை. நான்கு பெயர்களைத் தந்து ஒன்றைத் தொடச் சொன்னால், மற்ற மூன்றும் தவறென்று திரை சிவப்பு காட்டும். அது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி.

மராத்தியர் வசமிருந்த செஞ்சிமீது முகலாயத் தளபதி சுல்பிகர் கான் இட்ட முற்றுகை 1690 முதல் 1698 வரை ஏன் நீண்டது என்பது இதைவிடச் செழுமையான கேள்வி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளும் தனித்தனிக் கோட்டைகளாக இருந்ததோடு, அவற்றை இணைத்த மதில் முழுவதையும் சூழ்ந்து நிற்பது முகலாயப் படைக்கு அரிதாயிற்று. மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படை முற்றுகையிட்டோருக்கு வந்த தானியத்தை வழியிலேயே மறித்தது. சுல்பிகர் கானே வேண்டுமென்று தாமதித்தார் என்ற ஐயமும் அக்காலத்திலேயே எழுந்தது. இறுதியில் கோட்டை வீழ்ந்தபோது, உள்ளே இருந்த மராத்திய மன்னர் ராஜாராம் ஏற்கெனவே தப்பியிருந்தார். இவற்றுள் ஒரு காரணத்தை மட்டும் சரியென்று குறித்தால் அம்முற்றுகை விளங்காது.

எனவே தமிழில் வினா வங்கி தொகுப்போர், ஆண்டையும் பெயரையும் கேட்பதோடு நின்றுவிடாமல், சரியான விடைக்குக் கீழே நான்கு வரி விளக்கமும் சேர்க்க வேண்டும். பல காரணங்கள் கூடிய நிகழ்ச்சிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளை ஏற்கும் வினாக்களை அமைக்க வேண்டும். சி. எஸ். சீனிவாசாச்சாரி செஞ்சியின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இலேயே வெளியிட்டிருக்கிறது. கேள்வி தொகுப்போர் அதிலிருந்து தொடங்கலாம்.