சார்பு நிரலாக்கத்தில் அசைவூட்டம்: ஒரு வரலாறு

வலைச் செயலியில் ஒரு பட்டியல் மெல்ல விரிவதும், ஒரு படம் நகர்வதும் அசைவூட்டம் எனப்படும். சார்பு நிரலாக்கத்தில் அதற்கான நிரலை எங்கே வைப்பது என்பது நெடுநாள் கேள்வி. சார்பு என்பது நாம் பள்ளிக் கணிதத்தில் படித்ததுதான்: ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. அசைவோ நேரத்தோடு மாறுவது. இரண்டையும் எப்படிப் பொருத்துவது?

தொடக்கம்

1997-இல் கோனல் எலியட், பால் ஹூடக் இருவரும் ஹாஸ்கெல் மொழியில் அமைந்த 'ஃப்ரான்' பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நேரத்தையே உள்ளீடாகக் கொள்வது அவர்கள் வழி. கத்திவாக்கத்திலிருந்து எண்ணூருக்குச் செல்லும் மின்தொடர் வண்டியைத் திரையில் 4 நொடியில் 200 புள்ளி நகர்த்துவதாகக் கொள்வோம். "சிறிது நகர்த்து" என்று திரும்பத் திரும்பக் கட்டளையிட வேண்டாம். இத்தனையாவது நொடியில் வண்டி எங்கே இருக்கும் என்று ஒரு சார்பு சொன்னால் போதும்.

எல்ம் மொழி

2012-இல் எவன் சாப்லிக்கி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தம் இளங்கலை ஆய்வேட்டில் எல்ம் மொழியை அறிமுகப்படுத்தினார். அதுவும் முதலில் நேரத்தோடு மாறும் 'சிக்னல்'களைக் கொண்டிருந்தது. கற்பதை எளிதாக்கும் பொருட்டு 2016 மே மாதம் வந்த 0.17 பதிப்பில் அவை நீக்கப்பட்டன. நிலை, புதுப்பித்தல், காட்சி என்ற மூன்று பகுதி அமைப்பே அம்மொழியின் அடிப்படையாக நின்றது.

சிக்கலும் தீர்வும்

உலாவி பெரும்பாலும் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு பொத்தானும் தனிக் கடிகாரம் வைத்துக்கொண்டால், செயலியின் நிலைப் பகுதி தேவையற்ற எண்களால் நிரம்பும். எனவே முழுச் செயலிக்கும் ஒரே கடிகாரம் வைப்பது நல்லது. அதுவும் ஏதேனும் அசையும்போது மட்டும் ஓடினால் போதும். நிலையில் தொடக்க நேரம், தொடக்க இடம், சேரும் இடம் ஆகியவற்றை மட்டும் வைத்து, நடப்பு இடத்தைக் காட்சிப் பகுதி கணக்கிடலாம். பயனர் 3-ஆம் நொடியில் வண்டியைத் திருப்பினால், அது நிற்கும் 150-ஆம் புள்ளியே புதிய தொடக்கம், வண்டி துள்ளாது. நிறம் மங்குவது போன்ற எளிய மாற்றங்களைச் சி.எஸ்.எஸ்.-இடமே விட்டுவிடலாம்.

பயன்

0, 2, 4 நொடிகளைக் கொடுத்து 0, 100, 200 வருகிறதா என்று காத்திராமல் சோதிக்கலாம். திரை அசைவால் தலைசுற்றல் வருவோர் தம் கருவியில் 'அசைவைக் குறை' என அமைத்திருப்பர். கணக்கு ஒரே இடத்தில் இருந்தால், அவர்களுக்காக வண்டியை நேரே எண்ணூரில் நிறுத்த ஓரிடத்தில் திருத்தினால் போதும். நிரல் பல இடங்களில் சிதறிக் கிடந்தால், ஏதோ ஓர் அசைவு விடுபட்டு அவர்களை வருத்தும்.