வேலைவாசலும் சட்டத்தின் காவலும்

"வேலைக்குப் போற இடத்துல நீ எந்த ஊரு, என்ன பாஷைன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டா, சட்டம் நம்ம பக்கம் நிக்குமாங்க?" லிங்கராஜபுரத்தில் இளைஞர் பலர் என்னிடம் கேட்டதுண்டு. விடை காண வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்த காலந்தொட்டே தமிழர் இங்கு உழைத்து வருகின்றனர். பின்னர் ஐ.டி.ஐ. (1948), எச்.எம்.டி. (1953), பி.இ.எல். (1954) எனப் பொதுத்துறை ஆலைகள் எழுந்தன. நம்மவர் பல்லாயிரம் பேர் அங்கே சங்கு ஊதும் நேரத்துக்கு ஓடினர்.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், மரபுவழி, பிறப்பிடம், வசிப்பிடம் என்னும் ஏழின் பேரால் மட்டும் அரசு வேலையை மறுக்கக் கூடாது என்கிறது. பொதுத்துறையையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் பட்டியலை எண்ணிப் பாருங்கள், மொழி அதில் இல்லை! கல்விக்கூடச் சேர்க்கை பற்றிய 29ஆம் பிரிவில் மொழி உண்டு. வேலை பற்றிய பிரிவில் இல்லை.

தனியார் கம்பெனியை இந்தப் பிரிவு தொடுவதே இல்லை. ஆண் பெண் ஊதியச் சமத்துவத்துக்கு 1976இலேயே சட்டம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016லும் திருநங்கை, திருநம்பியருக்கு 2019லும் வந்த சட்டங்கள் தனியாரையும் ஓரளவு கட்டுப்படுத்துகின்றன. சாதி, சமயம், மொழி காரணமாகத் தனியார் முதலாளி வேலை மறுத்தால் தடுக்கப் பொதுச்சட்டம் ஏதுமில்லை. அமெரிக்காவிலோ 1964ஆம் ஆண்டுச் சட்டமே தனியாரையும் கட்டிப்போட்டது.

மண்ணின் மைந்தருக்கு வேலை என்னும் கோரிக்கையும் நியாயமற்றதன்று. சரோஜினி மகிஷி குழு 1980களில் கன்னடருக்கு முன்னுரிமை கேட்டது. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஏற்று, உடனே நிறுத்தி வைத்த மசோதா, தனியார் துறையில் நிர்வாகப் பணிகளில் 50 விழுக்காடும் மற்றவற்றில் 70 விழுக்காடும் உள்ளூராருக்கு ஒதுக்கியது. உள்ளூரார் யார்? கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டு வாழ்ந்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர். இதுபோன்ற அரியானாச் சட்டத்தை 2023இல் உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது.

ஆக, நம் பிள்ளைகள் கன்னடத்தை வாயளவில் நிறுத்தாமல் எழுதப் படிக்கக் கற்கட்டும். அதனால் தமிழ் தேய்ந்துவிடாது. கூடவே, தனியார் வாசலுக்கும் காவல் வேண்டுமென்று கன்னட நண்பர்களோடு சேர்ந்தே கேட்போம். சாதி கேட்டு அவர்களையும் திருப்பி அனுப்பும் வாசல்தானே அது!