எண்பது காணி

வடலூர் ஞான சபை எழும்பிய கதைக்கு இந்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் அங்கே தருமச்சாலையில் இருக்கும் அடுப்பைப் பார்த்துவிடுவோம். சபைக்கு ஐந்து வருடம் மூத்தது அது.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் வியாபாரம் செய்த டச்சுக்காரர்களின் சொந்த நாட்டில், ஹார்லெம் போன்ற ஊர்களில், நடுவே முற்றம் விட்டு ஏழை மூதாட்டிகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. நல்ல தருமம்தான். ஆனால் பல இடங்களில் அந்தந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. வடலூரில் வள்ளலார் அந்த வாசற்படிக் கேள்வியையே எடுத்துவிட்டார். என்ன சாதி, என்ன மதம், எந்த ஊர், எதுவும் கேட்கக்கூடாது. பசி என்று வந்தால் இலை போட வேண்டும்.

1867 மே 23, பிரபவ வருடம் வைகாசி 11. அன்று, பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலையில் வள்ளலார் பெருமான் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. நீளம் 21 அடி. அகலமும் ஆழமும் இரண்டரை அடி. சோறு வடித்து இறக்கிய பிறகும் தணல் அவியாமல் விறகு தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.

தருமச்சாலை எழுந்த மண் யார் கொடுத்தது? பார்வதிபுரத்துக் குடியானவர்கள். ஏறக்குறைய எண்பது காணியை எழுதிக் கொடுத்தார்கள், காசு வாங்காமல்! நிலம்தான் சோறு என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். என் கணக்கில் இந்தக் கதையின் வீரர்கள் இவர்களே. வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்று ஆறுமுக நாவலர் எதிர்த்து, 1869-இல் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போன அருட்பா வழக்கைப் பற்றி எழுதி எழுதித் தீர்த்திருக்கிறோம். நாவலரின் தமிழ்த் தொண்டுக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அந்தச் சண்டைக்குக் கொடுத்த மையில் கால்வாசி பார்வதிபுரத்துக்காரர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டாமா?

தருமச்சாலையில் ஒருநாள் அரிசி தீர்ந்துபோனதாம். நாளைக்கு வரும் என்று பெருமான் சொல்ல, மறுநாள் காலை திருத்துறையூரிலிருந்து மூட்டை மூட்டையாக அரிசி வண்டி வந்து நின்றதாம். கனவில் உத்தரவு வந்தது என்றாராம் கொண்டுவந்தவர். அன்பர்கள் வழிவழியாகச் சொல்வது இது. எனக்குக் கனவைவிட வண்டி பெரிது. யாரோ ஒருவர் இருட்டோடு எழுந்து, மாடு பூட்டி, முன்பின் தெரியாதவர்களின் பசிக்காக அத்தனை தூரம் ஓட்டி வந்திருக்கிறார். இன்றைக்கும் வடலூருக்கு அரிசியும் காய்கறியும் அப்படித்தான் வந்து இறங்குகின்றன.

இனி ஞான சபை. அங்கே முதல் வழிபாடு நடந்தது 1872 ஜனவரி 25, தைப்பூசம். எண்கோண மண்டபத்தையும் ஏழு திரைகளையும் அடுத்த வாரம் பார்ப்போம்.