மறைநிலைக் கேட்புச் சோதனை

மறைநிலைக் கேட்புச் சோதனை என்பது, இசைப்பது எந்தக் கருவி என்று அறியாமல், செவியை மட்டும் கொண்டு ஒலிக்கருவிகளை ஒப்பிடும் முறையாகும். வீட்டு ஒலியமைப்பில் புதிய ஸ்ட்ரீமர் ஒன்றைச் சேர்க்கும் முன், செலவு தகுமா என அறிய இது உதவும்.

முதலில் ஒலியளவைச் சமப்படுத்த வேண்டும். 2 வோல்ட்டு வெளியீடுடைய கருவியை விட, 2.3 வோல்ட்டு தருவது ஏறத்தாழ 1.2 டெசிபெல் உரத்து ஒலிக்கும். செவி இதனை உரப்பாக அன்றித் தெளிவாகவே கொள்வதுண்டு. கடையில் விலையுயர்ந்த கருவி வெல்ல இதுவே போதும். ஆகவே ஒலிபெருக்கி முனைகளில் வோல்ட்டளவை அளந்து, வேறுபாட்டை 0.1 டெசிபெல்லுக்குள் கொண்டுவருவர்.

மன்சன், கார்ட்னர் ஆகியோர் 1950 இல் விவரித்த முறையிலிருந்து வளர்ந்தது ஏபிஎக்ஸ் சோதனை. இதில் ஏ, பி ஆகிய இரண்டுள் ஒன்று எக்ஸ் என மறைத்து இசைக்கப்படும். அது எது எனக் கேட்பவர் கூற வேண்டும். 16 முறைகளில் 12 அல்லது அதற்கு மேல் வெறும் ஊகத்தால் சரியாக அமையும் வாய்ப்பு 4 விழுக்காட்டிற்கும் குறைவு. 2007 இல் மேயர், மொரான் ஆகியோர் உயர்நுணுக்க வட்டுகளைக் குறுவட்டுத் தரத்துடன் ஒப்பிட்ட 554 முறைகளில் 276 மட்டுமே சரியாக அமைந்தன. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறத்தாழ இதுவே கிடைத்திருக்கும். எனினும், வேறுபாடு கேட்கவில்லை என்பது வேறுபாடே இல்லை என்பதற்கு நிறுவல் ஆகாது.

செயலியின் எளிமை, வீட்டு வைஃபையில் இசை அறுபடுதல் போன்றவை இச்சோதனையில் வெளிப்படா. அவற்றிற்குக் கருவியைச் சில நாட்கள் வீட்டில் இயக்கிப் பார்த்தலே வழி.