லாவணி: எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

லாவணி என்பது இரண்டு கட்சிகளாகப் பிரிந்து, கேள்வியும் பதிலுமாகப் பாடி ஒருவரை ஒருவர் மடக்கும் போட்டிப் பாட்டு. தமிழ்நாட்டில் அது தஞ்சை வட்டாரத்தில் வேரூன்றி, காமன் பண்டிகையோடு ஒட்டி வளர்ந்தது. சிவனின் நெற்றிக்கண் பட்டு மன்மதன் எரிந்துபோனான் என்று பாடுவோர் எரிந்த கட்சி. அவன் எரியவே இல்லை என்று சாதிப்போர் எரியாத கட்சி. இந்தக் கட்சிகளுக்கு நிலம் இல்லை, எல்லை இல்லை, ஆள்வோர் இல்லை. ஆனாலும் குரு மரபு உண்டு, பரம்பரைப் பகை உண்டு, விட்டுக்கொடுக்கக் கூடாத கொள்கையும் உண்டு. 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 7 நாடுகளோடு தொடங்கிய யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நிஜ நாடுகள் கொடி பிடித்து மோதுகின்றன. லாவணியில் மோதுவதோ பாட்டுக்குள் மட்டுமே இருக்கும் இரண்டு நாடுகள். அதே இரண்டும் ராஜஸ்தானில் ஒரு பெயரிலும், மராட்டியத்தில் ஒரு பெயரிலும், கன்னடத்தில் வேறொரு பெயரிலும் வாழ்கின்றன.

வழக்கின் மூலம்

சூரபதுமனின் கொடுமை தாங்காத தேவர்கள், சிவனுக்கு ஒரு மகன் பிறந்தால்தான் விடிவு என்று நினைத்தார்கள். சிவனோ யோகத்தில் இருந்தார். அந்த யோகத்தைக் கலைக்க மன்மதனை அனுப்பினார்கள். கரும்பு வில், வண்டு நாண், தாமரை, மா, அசோகம், முல்லை, நீலோற்பலம் என்ற ஐந்து மலர்க் கணைகள், இவற்றோடு போனவன் சாம்பலானான். வடமொழியில் காளிதாசனின் குமாரசம்பவம் மூன்றாம் சருக்கத்தில் எரிப்பையும் நான்காம் சருக்கத்தில் அவன் மனைவி ரதியின் புலம்பலையும் பாடுகிறது. தமிழில் காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்து உற்பத்திக் காண்டத்தில் காமதகனப் படலம் என்றே ஒரு படலம் வைத்தார். மயிலாடுதுறைக்கு அருகே உள்ள திருக்குறுக்கை வீரட்டம்தான் எரித்த தலம் என்பது சைவ மரபு. அது அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எரியாத கட்சிக்கு வேலை இருந்திருக்காது. ரதி அழுது வேண்டியபோது சிவன் இரங்கி மன்மதனை மீட்டுக் கொடுக்கிறார். ஆனால் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், மற்றவர்க்கு உருவமில்லாதவன். உடல் இல்லாதவன் என்ற பொருளில் அனங்கன் என்ற பெயரும் அவனுக்கு வந்தது. உருவம் போனால் எரிந்ததாகுமா, வேலை நடந்துகொண்டே இருந்தால் எரியாததாகுமா? புராணம் தெரிந்தோ தெரியாமலோ இந்த இடத்தில் ஒரு விரிசலை விட்டுவைத்தது. கிராமத்துப் பாவலர்கள் அந்த விரிசலில் கால் வைத்து இருநூறு ஆண்டுக்காலம் பாடினார்கள்.

எரிந்த கட்சி பலமாக நிற்பது நூல் ஆதாரத்தில். எரியாத கட்சியின் பலம் உலக அனுபவம். காமன் செத்திருந்தால் கல்யாணம் ஏது, பிள்ளை ஏது, கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டம்தான் ஏது என்று அது கேட்கும். இதற்குள் சைவ வைணவச் சீண்டலும் ஒளிந்திருக்கிறது. மன்மதன் திருமாலின் மகன், சிவனுக்கு மைத்துனரின் மகன் என்ற முறையில் மருமகன். மருமகனை மாமன் எரிப்பானா என்ற குடும்ப நியாயத்தையும் இழுக்கலாம். என் கணிப்பில் இரண்டில் எரியாத கட்சியில் பாடுவதுதான் கடினம். சாத்திரம் எதிராளி பக்கம் இருக்கும்போது சாமர்த்தியத்தை மட்டும் நம்பி மேடை ஏற வேண்டும்.

மேடையில் நடப்பது

காமன் பண்டிகை மாசி அமாவாசையை அடுத்துத் தொடங்கும். தெருமுனையில் காமன் திடலில் கரும்பு, ஆமணக்கு முதலியவற்றைச் சேர்த்துக் கட்டி நட்டு, வைக்கோல் பிரி சுற்றி, வறட்டி அடுக்குவார்கள். பௌர்ணமியை ஒட்டி அதைக் கொளுத்துவார்கள். இடைப்பட்ட இரவுகள் லாவணிக்கு.

இரண்டு கட்சியும் எதிரெதிரே உட்காரும். கையில் டேப்பு எனப்படும் வட்டமான தோல் கருவி, ஒற்றைத் தந்தி மீட்டும் துந்தினா, ஜால்ரா. முதலில் பிள்ளையார், கலைமகள், குரு ஆகியோருக்கு வணக்கம். பிறகு ஒருவர் கேள்வி விடுவார். அது நேராக மன்மதனைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எரிந்த நாள் என்ன, திதி என்ன, சாம்பலைத் தொட்டவர் யார், ரதியின் தாலி என்ன ஆயிற்று என்ற வகையில் தொடங்கி, பாரதத்துக்கும் ராமாயணத்துக்கும் தாவி, சித்தாந்தக் கணக்குகளில் போய் நிற்கும். எதிராளி எந்த மெட்டில் கேட்டாரோ அந்த மெட்டிலேயே பதில் வர வேண்டும். பதில் முடிந்த கையோடு தன் கேள்வியைப் போட வேண்டும். புராணம் தெரிந்தும் சந்தம் தவறினால் கூட்டம் சிரிக்கும். சந்தம் வந்து சரக்கு இல்லாவிட்டால் இன்னும் சத்தமாகச் சிரிக்கும். மறைத்துக் கேட்பது, கேலி செய்வது, எதிராளியின் சொல்லையே எடுத்துத் திருப்பி அடிப்பது எல்லாம் செல்லுபடியாகும்.

பட்டிமன்றத்து நடுவர் கடைசியில் எழுந்து ஒரு தீர்ப்பு சொல்லிவிடுகிறார். லாவணியின் மூல வழக்குக்கு அப்படி ஒரு தீர்ப்பு கிடையாது, கிடைக்கவும் முடியாது. ஓர் இரவில் ஒரு பாடகர் இன்னொருவரை வாயடைக்க வைக்கலாம். ஆனால் எரிந்தானா எரியவில்லையா என்பது அடுத்த மாசிக்குப் புதிதாகவே வரும். பண்டிகையும் இரண்டு பக்கமும் பேசுகிறது. பௌர்ணமியில் காமனைக் கொளுத்தி ஒரு கட்சியை மகிழ்விக்கும். பல ஊர்களில் அதற்கடுத்து உயிர்ப்பிக்கும் சடங்கும் நடக்கும், அது மற்றக் கட்சிக்கு.

துராவும் கல்கியும்

இந்தப் போட்டியின் வடிவம் வடக்கிலிருந்து வந்தது. ராஜஸ்தானின் சித்தோர்கட் பகுதியில் துரா-கலங்கி என்ற நாடக மரபு உண்டு. அதன் தோற்றக் கதை இப்படி: துகன்கீர் என்ற இந்துத் துறவியும் ஷா அலி என்ற முஸ்லிம் பக்கீரும் சந்தேரி அரசன் முன்பு போட்டி போட்டுப் பாடினார்கள். இருவரையும் மெச்சிய அரசன் தன் தலைப்பாகையிலிருந்த துராவை ஒருவருக்கும் கலங்கியை மற்றவருக்கும் கொடுத்தான். துரா தலைப்பாகைக் குஞ்சம், கலங்கி இறகு அணி. துரா பிடித்தவர்கள் சிவனின் கட்சி, நிறம் காவி. கலங்கி பிடித்தவர்கள் சக்தியின் கட்சி, நிறம் பச்சை. ஓர் அரசனின் தலையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு அலங்காரங்கள் இரண்டு நாட்டுக் கொடிகளாகிவிட்டன. ஒன்று இந்து, மற்றது முஸ்லிம் என்று பிரிந்து போகாமல், முஸ்லிம் பக்கீர் வழி வந்தவர்கள் சக்தியின் பெருமையைப் பாடினார்கள் என்பதைத் தனியே கவனிக்க வேண்டும்.

மராட்டியத்தில் இதுவே கல்கி-துரா. புருஷன் பெரியவனா, பிரகிருதி பெரியவளா என்பது அங்கே வழக்கு. பேதிக் லாவணி எனப்படும் தத்துவப் புதிர்ப் பாட்டுகளை ஒரு கட்சி விட, மற்றது அவிழ்க்க வேண்டும். இன்று லாவணி என்றதும் மராட்டியத்து மேடையில் ஒன்பது கெஜப் புடவை கட்டி ஆடும் பெண்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். அது அந்தக் கலையின் சிருங்காரப் பக்கம். பேஷ்வாக்கள் காலத்தில் ராம் ஜோஷி (1762–1812), அனந்த் பந்தி போன்ற ஷாயிர்கள் எனப்பட்ட பாவலர்கள் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். தமிழ்நாட்டுக்கு வந்து நிலைத்தது ஆட்டம் அல்ல, வாதம்.

வட கர்நாடகத்தில் கீகீ பாட்டுக்காரர்கள் ஹரதேசி, நாகேசி என்று பிரிவார்கள். ஹரதேசி ஆண்பக்கம், நாகேசி பெண்பக்கம். பெயர்களே தேசத்துப் பெயர்கள்போல ஒலிக்கின்றன, ஆனால் எந்த வரைபடத்திலும் அவற்றைத் தேட முடியாது.

இந்த வரிசையில் எரிந்த கட்சியைத் துராவின் தம்பியாகவும் எரியாத கட்சியைக் கல்கியின் தம்பியாகவும் வைத்துப் பார்க்கலாம். ஒன்று சிவனின் வலிமையைப் பாடுகிறது, மற்றது அழியாமல் தொடரும் இயற்கையைப் பாடுகிறது. வடக்கே ஆணா பெண்ணா என்றிருந்த பொதுக் கேள்வி, தமிழகத்துக்கு வந்ததும் ஒரு கதையில், ஒரு சாம்பல் மேட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. இங்கே கரும்பு நட்டுக் கொளுத்தும் பண்டிகை இருந்ததும் திருக்குறுக்கை பக்கத்திலேயே இருந்ததும் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

ஆரணியும் தஞ்சையும்

வடக்கத்து இந்த வடிவம் மராட்டியர் வழியாகத்தான் தமிழகத்துக்கு வந்தது. ஆனால் தமிழகத்தில் மராட்டியர் என்றால் தஞ்சை மட்டும் நினைவுக்கு வருவது நியாயமில்லை. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியும் மூன்று நூற்றாண்டுக்காலம் ஒரு மராட்டியக் குடும்பத்தின் ஜாகீர். பீஜாப்பூர் சுல்தானின் தளபதியாகத் தெற்கே வந்த ஷாஜி போன்சலே, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் தன்னிடம் பணிசெய்த வேதாஜி பாஸ்கர பந்த்துக்கு அதைக் கொடுத்தார். சத்திய விஜய நகரத்து அரண்மனையும் பூசிமலைக்குப்பத்துக் கண்ணாடி மாளிகையும் அந்த ஜாகீர்தார்கள் விட்டுச்சென்றவை. நிஜ வல்லரசுகளின் போட்டியையும் ஆரணி பார்த்திருக்கிறது. 1751-இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் இங்கே சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபையும் அவருடன் நின்ற பிரெஞ்சுப் படையையும் தோற்கடித்தார், 1782-இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மைசூரின் ஹைதர் அலியும் இங்கே மோதினார்கள்.

ஆனாலும் லாவணிக்குத் தலைநகரானது ஆரணி அல்ல, தஞ்சைதான். 1670-களில் ஷாஜியின் மகன் ஏகோஜி தஞ்சையைப் பிடித்ததிலிருந்து, 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் மறையும் வரை அங்கே ஓர் அரசவை இருந்தது. மராட்டி, தெலுங்கு, தமிழ், வடமொழி நான்கும் அதற்குள் புழங்கின. அரசவையைக் கண்டு வந்த பாட்டை ஊர்த் தெரு பிடித்துக்கொண்டது.

ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் இரவு முழுக்கப் பாடி வாதாடும் ஆசையைத் தெருக்கூத்து தீர்த்துவைத்தது. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை அதற்குப் பேர்போன ஊர். திரையை விலக்கி வரும் ஒவ்வொரு வேடமும் தான் எந்த தேசத்து அரசன் என்று பாடி அறிவிக்க, கட்டியக்காரன் குறுக்குக் கேள்வி போட்டு மானத்தை வாங்குவான். அஸ்தினாபுரமும் விராடமும் பாஞ்சாலமும் ஒரே திடலில் மிருதங்கத்துக்கும் முகவீணைக்கும் நடுவே தர்க்கம் செய்யும். லாவணியோடு இதற்கு உறவு உண்டு, ஆனால் சாதி வேறு. கூத்தில் யார் வெல்ல வேண்டும் என்பதை வியாசர் முன்பே முடிவு செய்துவிட்டார்.

அச்சு, சினிமா, அரசியல்

லாவணிப் பாட்டுகள் சென்னை குஜிலிக் கடைகளில் விற்ற மலிவுப் புத்தகங்களாகவும் அச்சேறின. மேடையில் உடனுக்குடன் கட்டிய பாட்டு தாளில் வந்ததும் பாதி உயிரைத்தான் வைத்திருக்கும். ஆனால் அந்தப் புத்தகங்களைப் படித்துக் கேள்விகளை மனப்பாடம் செய்து வந்தவர்களால் போட்டியின் தரம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று வாதாட ஒரு தனி லாவணியே தேவைப்படும்.

சினிமா இந்த வடிவத்தை நன்றாகவே பயன்படுத்தியது. 1957-இல் வந்த 'சக்கரவர்த்தித் திருமகள்' படத்தில் எம்.ஜி.ஆரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கேள்வி பதிலாக மோதும் காட்சி உண்டு. எம்.ஜி.ஆருக்குச் சீர்காழி கோவிந்தராஜன் குரல் கொடுத்தார், என்.எஸ்.கே. தன் குரலிலேயே பாடினார். இன்றும் தமிழ் லாவணி என்றால் நகரத்துக்காரர்கள் பலருக்குத் தெரிந்த மாதிரி அதுதான். புராணக் கேள்விகளை விடுகதைகளாக மாற்றியதில் அந்தப் பாட்டு காரத்தைக் குறைத்து விறுவிறுப்பைக் கூட்டியது.

இரண்டு அரசியல் கட்சிகள் முடிவில்லாமல் மாறி மாறிக் குற்றஞ்சாட்டினால் பத்திரிகைகள் அதை லாவணிக் கச்சேரி என்று எழுதும். ஒரிஜினல் லாவணிக்காரர்களுக்கு இது அவமானம். அவர்கள் பதில் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது.

கடல் தாண்டிய காமன்

19ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் போன தமிழர்கள் காமனையும் கொண்டுபோனார்கள். அங்கே காமன் கூத்து மலையகத் தமிழரின் அடையாளக் கலைகளில் ஒன்றாக நிற்கிறது. மாசியில் கம்பம் ஊன்றி, ரதி மன்மதன் வேடம் கட்டி, தப்பு முழங்க, லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பு வரிசைகள்தோறும் போவார்கள். தூதன், வீரபத்திரன், எமன் என்று பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வரும். தகனத்துக்குப் பிறகு ரதி புலம்புவாள், பிறகு உயிர்த்தெழுதல்.

தமிழகத்தில் லாவணிக் குழுக்கள் அருகிவிட்டன. தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிக் கிராமங்களில் காமன் பண்டிகை நடக்கிறது, ஆனால் பாடத் தெரிந்த இரண்டு கட்சி சேர்வது அபூர்வம். இந்தக் கலைக்குள்ள சிக்கலே அதுதான். பரதமோ வில்லுப்பாட்டோ ஒரு குழு உயிரோடு இருந்தால் மேடை ஏறிவிடும். லாவணிக்கு நல்ல எதிரி வேண்டும். எரிந்த கட்சிப் பாவலர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும், எரியாத கட்சி ஊரை விட்டுப் போய்விட்டால் அவர் டேப்பை உறையில் போட்டுவிட வேண்டியதுதான். கலையைக் காப்பாற்ற நினைக்கும் அமைப்புகள் ஒரு குருவைத் தேடி விருது கொடுத்தால் போதாது, அவரை மடக்கக்கூடிய இன்னொருவரையும் சேர்த்தே தேட வேண்டும்.